வரைகிறவளும் எழுதுகிறவளும்

போன வாரம் மகள் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அரியலூரில் என் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்தில் எடுத்தது. தரையில் பெரிய தாள் ஒன்றை விரித்துவைத்து, ஏழெட்டுப் பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு வரைகிறார்கள். சந்தை மாதிரி இருந்தது. தக்காளிக்குக் கீழே 'தக்காளி', தராசுக்குக் கீழே 'தராசு' என்று எழுதியிருந்தது. "இப்பல்லாம் இப்பிடித்தாம்மா படிக்கக் கத்துக் குடுக்குறாங்க. புது முறை" என்று மகள் பெருமையாகப் பேசியும் அனுப்பியிருந்தாள்.

புது முறையாம். நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. யார் எதைப் புதுசு என்று கொண்டுவந்தாலும், 'அதெல்லாம் நாங்க அப்பவே பாத்தாச்சு' என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் போனைக் கீழே வைக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு பிள்ளையின் கையாகத் தேடினேன். யார் வரைகிறது, யார் எழுதுகிறது என்று பார்த்தேன். மகளிடம் இதைச் சொன்னால் அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்பாள். உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கும் வயசாகிவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில் திருமழபாடி. அந்த வருஷம் அப்பா மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு எறையூர்ப் பக்கம் போனார். அங்கே சர்க்கரை ஆலை கரும்பு அரைக்கிற மாதங்களில் வண்டிக்காரர்களுக்கு வேலை இருக்கும். அப்பா கரும்பு ஏற்றினார். அம்மா கரும்பு வெட்டினாள். தம்பி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். வெட்டுக் காட்டில் அவனை எங்கே கிடத்துவது என்று ஊரிலேயே பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, என்னை மட்டும் கூட்டிவந்தார்கள். சோறாக்க ஒரு ஆள் வேண்டுமே.

காய்ந்த கரும்புத் தோகையால் வேய்ந்த குடிசையில் இருந்தோம். படுத்தால் கூரை சரசரவென்று பேசிக்கொண்டே இருக்கும். காற்றில் எப்போதும் புளித்த வெல்லப்பாகு வாடை. முதல் இரண்டு நாள் வாயில் எச்சில் ஊறும், அப்புறம் குமட்டும், அப்புறம் அந்த வாடை இருப்பதே தெரியாது. ஆலைப் புகைபோக்கியிலிருந்து கரித்தூள் பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் விழும். சோற்றில் விழும், உலர்த்திய துணியில் விழும், தலையில் விழும். அப்பா எடைமேடைக்கு முன்னால் வண்டி வரிசையில் நின்றுகொண்டிருப்பார். வரிசை நகரவே நகராது. வண்டிக்கு அடியிலேயே படுத்துத் தூங்குவார்.

சமைத்துவிட்டு நான் வண்டிப் பாதையில் போய் நிற்பது அம்மாவுக்குப் பயமாக இருந்திருக்கிறது. ஒருநாள் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். தலைமை ஆசிரியரை எல்லாரும் பெரிய சார் என்போம். அவர் என் உயரத்தைப் பார்த்து நாலாம் வகுப்பில் உட்காரச் சொன்னார். எனக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன் என்றுதான் பேர். தம்பி பிறந்த பிறகு பாதி நாள் தூளி ஆட்டுவதிலேயே போய்விட்டது. அ, ஆ வரிசையைப் பாட்டாகப் பாடுவேன். ஒரு எழுத்தைக் காட்டி இது எது என்றால் முழிப்பேன்.

அந்த வகுப்பில் ஆலை ஊழியர்களின் பிள்ளைகள் முன்னால் உட்காருவார்கள். அவர்களைக் கோட்டர்ஸ் பிள்ளைகள் என்போம். உள்ளூர்ப் பிள்ளைகள் நடுவில். வண்டிக்காரப் பிள்ளை என்று அந்த வகுப்பில் நான் ஒருத்திதான். கடைசியில் சுவரோரம் உட்கார்ந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, கேலி செய்யவில்லை. ஒருத்தரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மதியச் சோற்றுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவேன், தின்பேன், கழுவுவேன், வந்து உட்காருவேன். ஒரு நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கிறேன். வாயைத் திறந்தால் குரல் வருமோ வராதோ என்று வழியில் மாட்டைப் பார்த்து 'ஹை' என்று சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒரு அடி கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அப்போதுதான் பயிற்சிக்கு ஒரு டீச்சர் வந்தார். ஆசிரியர் பயிற்சி படிக்கிறவர்கள் சில மாதம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும் அல்லவா, அப்படி. திருச்சிப் பக்கத்துப் பெண். சின்ன வயசு. பெரிய சார் பேச்சோடு பேச்சாக, "நாலாங் கிளாஸ நீங்களே வச்சிக்கங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். அதோடு அவர் கவலை தீர்ந்தது.

புது டீச்சர் கையில் புத்தகத்தை எடுக்கவில்லை. எல்லாரையும் வீட்டிலிருந்து காலி சிமெண்டுப் பை கொண்டுவரச் சொன்னார். அந்தக் காலத்துச் சிமெண்டுப் பை காகிதத்தில் இருக்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதைப் பிரித்து, தட்டி, ஈரத் துணியால் துடைத்து, கஞ்சி காய்ச்சி ஒன்றோடொன்று ஒட்டினோம். ஒரு சுவர் அளவுக்குப் பெரிய தாள் தயாரானது. ஒருநாள் கஞ்சி வாசனைக்கு உள்ளூர் ஆடு ஒன்று வகுப்புக்குள் வந்து ஆலை வரையப்போகிற மூலையைத் தின்றுவிட்டது. "ஆலையையே தின்னுடுச்சே, இனி நம்ம அப்பாவுக்கெல்லாம் வேலை இல்ல" என்று ஒரு பையன் சொல்ல, டீச்சரே உட்கார்ந்து சிரித்தார்.

வண்ணம் வாங்கக் காசு ஏது. செங்கல்லைப் பொடித்தோம். மஞ்சள் அரைத்தோம். அவரை இலையைக் கசக்கிச் சாறு எடுத்தோம். துணிக்குப் போடுகிற நீலம் இருந்தது. கறுப்புக்கு ஆலையே கரித்தூளை வீசிக்கொண்டிருந்தது. கரும்புத் துண்டின் நுனியை மென்று சக்கையாக்கினால் அதுதான் தூரிகை. முதலில் கொஞ்சம் இனிப்பு, அப்புறம் வேலை. இப்போது அந்த மாதிரி ஒரு தூரிகையை யார் தருவார்கள்.

"இது உங்க ஊர்ப் படம். எல்லாரும் சேர்ந்து போடணும். ஒருத்தரா போட்டா படம் ஆவாது" என்றார் டீச்சர். எல்லாரையும் சிலேட்டில் ஒரு மாடு வரையச் சொன்னார். நான் எங்கள் வண்டி மாட்டை வரைந்தேன். திமில், மூக்கணாங்கயிறு, நுகத்தடி அழுத்திக் காய்த்துப்போன கழுத்து எல்லாம் போட்டேன். டீச்சர் என் சிலேட்டைத் தூக்கிக் காட்டினார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நான் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு எல்லாரும் என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் காது சுட்டது.

அப்புறம் யாருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பார்த்தார். முன் வரிசையில் எடைமேடைக் கிளார்க்கின் மகள் இருந்தாள். கரும்பு வண்டிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கிறவர் அவள் அப்பா. அவள் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். டீச்சர் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார். "நீ வரை. நீ எழுது. ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க" என்றார். இப்படியே எல்லாருக்கும் ஜோடி போட்டார். வரைகிறவர் ஒருத்தர், எழுதுகிறவர் ஒருத்தர்.

அவள் தலையில் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. நான் ஒதுங்கி உட்கார்ந்தேன். அவள் என் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் சிலேட்டை மெதுவாகத் திருப்பிக் காட்டினாள்.

"இது என்ன, கட்டிலா?" என்று கேட்டேன்.

"மாடு."

"மாட்டுக்கு எதுக்குத் தலகாணி?"

"அது திமிலு" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான் அந்த ஊருக்கு வந்து சிரித்த முதல் சிரிப்பு அது.

படம் போடுவது மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அவள் முன் வரிசையில், நான் சுவரோரம். மணி அடித்ததும் அவள் எழுந்து தன் பாயைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வருவாள். காலையில் எழுந்ததும் அந்த மணிக்குத்தான் காத்திருப்பேன். அடுப்பு ஊதும்போதும், தட்டைக் கழுவும்போதும் அதே நினைப்பு. நான் வரைவேன். அவள் என் தோளோடு தோள் ஒட்டிக் குனிந்து கீழே பேர் எழுதுவாள். எழுதும்போது வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வாள். "வ... ண்... டி. வண்டி." நான் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு அவள் கை வளையலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுத்துதான் அவள் வேலை ஆயிற்றே.

குடிசையில் அம்மாவிடம் அவளைப் பற்றிப் பேசினால், "எடமேட ஆளு மவளா? அவ அப்பன் அங்க உங்கப்பன வெயில்ல காயவைக்கிறான், நீ இங்க அவகூட கொஞ்சிக்கிட்டுக் கெட" என்பாள். சொல்வாளே தவிர, தடுக்கவில்லை. தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறேனே, அதில் அவளுக்கு நிம்மதி.

படம் வளர்ந்தது. ஆலை வந்தது, புகைபோக்கி, எடைமேடை, பஸ் நிற்கிற புளியமரம், சந்தை, கரும்புத் தோட்டம் எல்லாம் வந்தன. தினமும் கடைசியில் டீச்சர் தாளைச் சுவரில் மாட்டிவிட்டு, ஒரு குச்சியை எடுத்து ஒவ்வொரு சொல்லாகத் தொடுவார். நாங்கள் ஜோடி ஜோடியாக எழுந்து படிப்போம். குச்சி எழுத்தின் மேல் இருக்கும். என் கண் ஒரு சாண் மேலே, நான் வரைந்த படத்தின் மேல் இருக்கும். கணீரென்று சொல்வேன். ஒன்றுகூடத் தப்பாது. பாதிப் படம் நானே வரைந்ததுதானே. சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் படிப்பு என்று நினைத்திருந்தேன். படிப்பு இவ்வளவு சுலபமாக இருக்கிறதே, இதற்கா ஊரில் அவ்வளவு அடி வாங்கினோம் என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். சுவர்ப் படத்தைப் பார்த்துவிட்டு, கடைசியில் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டார். "கரும்பு வண்டிக்காரர் பொண்ணுங்க" என்றார் பெரிய சார், முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அதிகாரி குச்சியை வாங்கி இஷ்டத்துக்கு இங்கும் அங்கும் தொட்டார். நான் மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் தலையைத் தட்டிக்கொடுத்து, "இந்த முறைய எல்லா எடத்துலயும் சொல்லலாம் போலருக்கே" என்றார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலம் குழாயடியில் அம்மாவைத் தேடிப் பிடித்து டீச்சரே சொல்லிவிட்டுப் போனார், உங்க பொண்ணு வகுப்பிலேயே நல்லாப் படிக்கிறா என்று.

அம்மா அதைக் குடிசை குடிசையாகச் சொன்னாள். யாரோ ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அதில் மூட்டையும் பயிரும் போட்டிருந்தது. "உரம்" என்றேன். சரிதான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது.

பொங்கலுக்கு அம்மாவுக்கு ஒரு நாள் வேலை இல்லை. அப்பா வண்டியை விட்டு வர முடியாது. தம்பியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பையில் அவனுக்கு ஒரு சிவப்புச் சட்டை வைத்திருந்தாள். அம்மா அதுவரை தனியாகப் பஸ்ஸில் போனதே இல்லை. எங்கள் ஊருக்குப் போகப் பெரம்பலூரில் இறங்கி அரியலூர் பஸ்ஸுக்கு மாற வேண்டும். ஸ்டாண்டில் ஒரே கூட்டம். நான் யாரையாவது கேட்கலாம் என்றேன்.

"எதுக்குக் கேக்கணும்? கேட்டா நாய வெரட்டுற மாதிரி வெரட்டுவானுங்க. நீதான் படிக்கிறியே, எது அரியலூரு வண்டி, பாத்துச் சொல்லு" என்றாள்.

வரிசையாகப் பஸ்கள் நின்றன. எல்லாவற்றின் நெற்றியிலும் எழுத்து இருந்தது. ஒன்றின் பின்கண்ணாடியில் மட்டும் அழகாக ஒரு ஆறு வரைந்திருந்தது. ஆற்றில் ஒரு படகு, கரையில் தென்னை. எனக்கு மனசு குதித்தது. ஆறு இருந்தால் எங்கள் ஊர் வண்டிதானே. "இதாம்மா" என்றேன். அம்மா என்னை முன்னால் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "எம்பொண்ணுதான் போர்டு படிச்சி ஏத்திவுட்டா" என்றாள். அந்தப் பெண் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் கண்டக்டர் எங்களிடம் வந்து சேர வெகுநேரமானது. அதற்கு முன்பே அம்மா ஜன்னலுக்கு வெளியே உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். "என்னடி இது, மலை வருது?" என்றாள். அரியலூர்ப் பாதையில் மலை ஏது. கண்டக்டர் வந்து, "அரியலூரா? இது ஆத்தூர் வண்டிம்மா. ஏறும்போதே கேக்க மாட்டியா?" என்று விசிலை ஊதி, வேப்பந்தட்டையில் எங்களை இறக்கிவிட்டார்.

திரும்புகிற பஸ்ஸுக்குச் சாலையோரம் காத்து நின்றோம். இனி ஊருக்குப் போய்த் திரும்ப நேரம் இல்லை. அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை.

"அந்தப் போர்டுல என்ன எழுதியிருந்துச்சு?"

"தெரியலம்மா."

"அப்பறம் எத வச்சி சொன்ன?"

"பின்னாடி ஆறு வரஞ்சிருந்துச்சு."

அம்மா பையிலிருந்து சிவப்புச் சட்டையை எடுத்து, பிரித்து, மறுபடி மடித்து உள்ளே வைத்தாள். "நீ படிச்சிட்டன்னு சொன்னாங்களா, இனி யாரு காலையும் புடிக்காம நாம ரெண்டு பேருமா அவன அப்பப்ப போயி பாத்துட்டு வந்துடலாம்னு இருந்தேன்" என்றாள். அவள் அழாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. தம்பி எப்படி இருப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். அவன் முகம் சரியாக வரவில்லை.

பொங்கல் லீவு முடிந்த அன்று அம்மா வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னாள். "டீச்சரம்மா, எம்பொண்ணு படத்தத்தான் பாக்குது. எழுத்தப் பாக்கலீங்க."

டீச்சர் நம்பவில்லை. என்னைச் சுவர்ப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, ஒரு காகிதத்தால் மாட்டை மறைத்துக்கொண்டு கீழே இருந்த எழுத்தைக் காட்டினார். நான் சும்மா நின்றேன். புகைபோக்கியை மறைத்தார். மரத்தை மறைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். டீச்சர் முகம் வெளுத்துப்போனது. அதிகாரியிடம் அவ்வளவு நல்ல பேர் வாங்கியவர் அல்லவா. திரும்பி எடைமேடைக்காரர் மகளைப் பார்த்தார். "எல்லாத்தையும் நீயே எழுதி எழுதித்தான் இவளுக்கு ஒண்ணும் ஏறல" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் என்ன செய்தாள் பாவம், எழுதச் சொன்னார்கள், எழுதினாள்.

அன்றே ஜோடியைப் பிரித்துவிட்டார். அவளை ஒரு கோட்டர்ஸ் பையனோடு உட்காரவைத்தார். எதை வரையச் சொன்னாலும் ஏரோப்பிளேன் வரைகிறவன் அவன். என்னைத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு தட்டில் மணலைக் கொட்டி எழுத்து எழுதவைத்தார். எனக்கு அழுகை முட்டியது. டீச்சர் என் தாடையைத் தூக்கி, "எப்ப நீ படமே இல்லாம படிச்சிக் காட்டுறியோ, அன்னிக்கே திரும்பப் படம் போடப் போயிடலாம். சரியா?" என்றார். நான் தலையாட்டினேன். திரும்பப் போகலாம் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். அவள் பக்கத்துக்குப் போகலாம்.

அப்புறம் நான் படித்த படிப்பு, அடேயப்பா, என் வயசில் நான் வேறு எதற்கும் அப்படி உழைத்ததில்லை. மணலில் எழுதினேன். அடுப்புக் கரியால் குடிசைத் தட்டி மேல் எழுதினேன். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது வரிசையில் முன்னால் நிற்கிற டிராக்டரின் பின்பலகையைப் படித்தேன். சிமெண்டுப் பை, தீப்பெட்டி, டீக்கடைப் பலகை, எதையும் விடவில்லை. முதலில் எழுத்துகள் தனித்தனியாக நின்றன. அப்புறம் ஒருநாள் குழாயடியில் ஒரு பலகையைப் பார்த்தேன், 'தண்ணீர்' என்று அதுவாகவே வாய்க்குள் வந்துவிட்டது. அங்கே படம் கிடையாது.  ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அவளிடம்தான் சொல்லவேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

தினமும் அந்த ஒரு மணி நேரம் வரும். எல்லாரும் பாயைத் தூக்கிக்கொண்டு ஜோடி சேர்வார்கள். கஞ்சி வாசம் வரும். கரும்பு மெல்லுகிற சத்தம் கேட்கும். நான் மணல் தட்டோடு மேசைப் பக்கத்தில் இருப்பேன். ஓரக்கண்ணால் பார்த்தால் அவள் அந்தப் பையனோடு பேசாமல் எழுதிக்கொண்டிருப்பாள். எழுதும்போது வாய் அசைவதில்லை.

ஒரு மதியம் கை பம்பில் நான் தட்டைக் கழுவும்போது அவள் வந்தாள். அவர்கள் வீட்டுத் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, பம்பில் ஒரு வேலையும் இல்லாமலே நின்றாள்.

"உனக்குப் படிக்க வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. எல்லாமே வருது" என்றேன். எவ்வளவு நாளாக வைத்திருந்த சேதி.

அவள் சந்தோஷப்படவில்லை. "டீச்சர்கிட்ட சொல்லாத" என்றாள்.

"ஏன்?"

"வரலைன்னே சொல்லு. படம் போட மட்டும் வரேன்னு கேளு. படிக்க வந்துடுச்சுன்னா உன்ன எங்கூட வுட மாட்டாங்க."

"வுடுவாங்க. டீச்சரே சொல்லியிருக்காங்க."

"வுட மாட்டாங்க, பாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏரோப்பிளேன் பையனோடு இருப்பதுதான் இவளுக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் நான் படிக்கக் கூடாது என்கிறாள் என்று நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். ஒன்பது வயதுக்கு அவ்வளவுதான் புத்தி. அவளுக்கும் ஒன்பது வயதுதான், ஆனாலும் பெரியவர்களைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். அப்பாவை ஊரே திட்டுகிற வீட்டில் வளர்ந்த பிள்ளை அல்லவா.

நான் போய் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினார். அம்மா வெட்டுக் காட்டிலிருந்து அப்படியே வந்தாள். கையெல்லாம் கரும்புத் தோகை கீறிய கோடு, தலையில் முக்காடு. உள்ளே வரச் சொன்னதற்கு வாசலிலேயே நின்றுகொண்டாள். டீச்சர் கரும்பலகையைத் துடைத்து ஒரு வரி எழுதினார். படம் ஒன்றும் போடவில்லை.

நான் பார்த்தேன். எழுத்துகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. "அரியலூர் போகும் பஸ் வந்துவிட்டது" என்று படித்தேன்.

அம்மா பலகையைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் மட்டும் அவளுக்கு என்ன தெரியும். அவள் டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரியா படிச்சிட்டாளாங்க?" என்று கேட்டாள். "படிச்சிட்டாம்மா" என்றார் டீச்சர். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். 

நான் என் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன். அவள் இருந்த பக்கம் திரும்பினேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், எனக்கு இடம் விட்ட மாதிரி.

"இரு, இரு, எங்க போற" என்று டீச்சர் என்னைப் பிடித்து நிறுத்தினார். அலமாரிக்குப் பின்னாலிருந்து சுருட்டிவைத்த ஒரு தாளை எடுத்தார். சிமெண்டுப் பை இல்லை, கடையில் வாங்கிய வெள்ளைத் தாள். எனக்காகவே பெரம்பலூர் போய் வாங்கிவந்திருக்கிறார். அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. அந்தச் சம்பளமில்லாத பெண் அதை எப்படி வாங்கினாரோ.

"இனிமே உனக்கு ஜோடியே வேண்டாம். நீயே வரையலாம், நீயே எழுதலாம், நீயே படிக்கலாம். இந்தத் தாள் முழுக்க உனக்குத்தான்" என்றார். வகுப்பைப் பார்த்து, "எல்லாரும் இவளுக்குக் கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள். ஜன்னலோரமாக, வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து, என் பாயை வாங்கி அவரே விரித்துப் போட்டார்.

அவள் கை தட்டவில்லை. குனிந்து தூரிகையின் நுனியை மென்றுகொண்டிருந்தாள்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, தேம்பித் தேம்பி அழுதேன். "என்னாச்சு புள்ளைக்கு?" என்று அம்மா பதறிக்கொண்டு உள்ளே வந்தாள். டீச்சர் என் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"ஒண்ணுமில்லம்மா. சந்தோஷத்துல அழுவுறா."

அம்மா அதை நம்பினாள். படித்தவர் சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வாள். அவளும் அழுதாள். முக்காட்டுத் துண்டை அவிழ்த்து முதலில் என் முகத்தைத் துடைத்தாள், அதே துணியால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள், வெட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனாள். நான் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளைத் தாளை விரித்தேன். பாயில் இன்னொரு ஆள் உட்கார இடம் இருந்தது.